துவர்த்தைக் கழுத்தில் கட்டிய பிள்ளைகள்: ஒரு கடற்கரைப் பள்ளியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடைப்பட்ட ஒரு கடற்கரைக் கிராமத்தில், அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் 2024 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை நடந்தவை இங்கே பதிவாகின்றன. பள்ளியின் பெயரோ ஆட்களின் பெயரோ தரப்படவில்லை. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைப் பற்றியதே பெரும்பகுதி.

ஊரில் பெரும்பாலான அப்பாக்கள் தங்கு கடலுக்குப் போகிறவர்கள். விசைப்படகில் ஏறினால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். பிள்ளைகள் அம்மாவிடமும் பாட்டியிடமும் வளர்கிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் அடித்த ஒக்கிப் புயலில் குமரிக் கடற்கரை இழந்தவர்களின் படங்கள் மாலையோடு இன்னும் வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. ‘கடலில் மாட்டிக்கொண்டவரை யார் கூட்டி வருவார்?’ என்ற கேள்வி இந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சு வரும் முன்பே காதில் விழுந்த கேள்வி. பறந்துபோய்த் தூக்கி வரும் ஒருவன் மீது அவர்களுக்கு ஏன் இவ்வளவு பிரியம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

பிரியம் புதிதும் அல்ல. 1938இல் அமெரிக்காவில் சூப்பர்மேன் பிறந்ததே பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில். அவனைப் படைத்த இருவரும் வேறு நாட்டிலிருந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். தமிழில் 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியோடுதான். இன்றைய தாத்தாக்கள் பலர் அதைப் படித்து வளர்ந்தவர்கள். அப்பாக்களின் காலத்தில் 1997 முதல் தூர்தர்ஷனில் சக்திமான் வந்தது. அவனைப் பார்த்துப் பிள்ளைகள் மாடியிலிருந்து குதிக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, நாயகனாக நடித்தவரே திரையில் தோன்றிப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல வேண்டியிருந்தது.

இன்று மாறியிருப்பது பார்க்கும் முறை. இந்தப் பள்ளியின் பிள்ளைகள் முழுக்கதை பார்ப்பது குறைவு. அம்மாவின் கைபேசியில், தமிழும் மலையாளமுமாக, அரை நிமிடத் துண்டுகள் பார்க்கிறார்கள். குதிப்பதும் குத்துவதும் மட்டும் துண்டில் இருக்கும். நாயகன் எதற்காகத் தயங்கினான், யாரை இழந்தான், குதித்த பிறகு என்ன ஆனது என்பதெல்லாம் வெட்டுப்பட்டுப் போயிருக்கும்.

சம்பவம்

பிப்ரவரி கடைசி வாரம், மதிய இடைவேளை. பள்ளிக்குப் பின்புறம் தண்ணீர்த் தொட்டி வைக்கக் கட்டிய சிமெண்ட் மேடை, ஏறத்தாழ 5 அடி உயரம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், 8 வயது, துவர்த்தை, அதாவது தோளில் போடும் துண்டை, கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டு அதன் மேல் ஏறினான். கீழே மூன்று பேர் மூழ்கும் படகாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் காப்பாற்றக் குதித்தான். கையை முன்னால் ஊன்றி விழுந்ததில் இடது முன்கை வளைந்துவிட்டது.

சுற்றிலும் இருபது பிள்ளைகளாவது இருந்தார்கள். யாரும் அசையவில்லை. அவன் அழுததையும் விளையாட்டின் பகுதி என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். கை வளைந்திருப்பதைக் கண்ட பிறகும் வட்டமாக நின்று பார்த்தார்கள். பெரியவர்களுக்குச் செய்தி போய்ச் சேரச் சில நிமிடங்கள் ஆயின. சொன்னது ஒன்றாம் வகுப்பில் படிக்கும் அவனுடைய தங்கச்சி. சத்துணவுக் கூடத்துக்கு அழுதுகொண்டே ஓடி, சமையல் செய்யும் அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

முதலுதவி ஒழுங்காக நடந்தது. கையை நிமிர்த்த யாரும் முயலவில்லை. நாளிதழை மடித்து முன்கைக்கு அடியில் கொடுத்து, முழங்கையையும் மணிக்கட்டையும் சேர்த்துத் தளர்வாகக் கட்டி, அதே துவர்த்தால் தொட்டில் போட்டார்கள். மணிக்கட்டில் கட்டியிருந்த நேர்ச்சைக் கயிற்றை வீக்கம் ஏறுமுன் வெட்டினார்கள். விரல் நுனியின் நிறமும் உணர்ச்சியும் பார்க்கப்பட்டன. மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்பதை ஒரு தாளில் எழுதி உடன் அனுப்பினார்கள்.

பாட்டி வந்ததும், “ஆசான்ட்ட கொண்டுபோய் எண்ணெய்க்கட்டு போடுவோம் சார்” என்றார். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் நாட்டு வைத்தியர்களான வர்ம ஆசான்களிடம் போவது இந்த மாவட்டத்தில் தலைமுறை வழக்கம். அதை மறுத்துப் பேசுவது பலன் தராது. தலைமையாசிரியர் எடுத்துச் சொன்னது ஒன்றே ஒன்று: கை வளைந்திருக்கிறது, முதலில் எக்ஸ்ரே. வளர்கிற எலும்பில் முறிவு எந்த இடத்தில் என்று தெரியாமல் இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல்களே போய்விடலாம். பாட்டி ஒப்புக்கொண்டார். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முன்கையின் இரு எலும்புகளும் முறிந்திருப்பது தெரிந்தது. எலும்பை நேராக்கி மாவுக்கட்டு போட்டார்கள். வலி கூடிக்கொண்டே போனாலோ, விரலை மெல்ல நீட்டும்போது பொறுக்க முடியாத வலி வந்தாலோ இரவென்று பாராமல் திரும்பி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படி எதுவும் நேரவில்லை. ஆறு வாரத்தில் கட்டு பிரித்தார்கள்.

கவனித்தவை

பையன் ஏன் குதித்தான் என்ற கேள்விக்குப் பதில் எளிது. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பறக்க முடியாது என்று நன்றாகவே தெரியும். விளையாட்டின் சூட்டில் உயரத்தைத் தப்பாக எடை போடுகிறான். 2007இல் பிரிட்டனின் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில், சூப்பர் ஹீரோ உடையோடு உயரத்திலிருந்து குதித்துக் காயப்பட்ட 5 பிள்ளைகளைப் பற்றிய குறிப்பு வந்தது. அதில் 4 பேர் ஸ்பைடர்மேன் உடையில் இருந்தவர்கள். உயரமும் சிமெண்ட் தரையும் உள்ள இடமெல்லாம் இது நடக்கும்.

ஆசிரியர்களை உலுக்கியது மற்ற இருபது பேர் நின்ற நிலை. எனவே மார்ச் மாதத்தில் இரண்டு வாரம், இடைவேளை விளையாட்டை யாரும் தலையிடாமல் கவனிப்பது என்று முடிவானது. இரண்டு ஆசிரியர்கள் மாறி மாறி நின்று, யார் என்ன வேடம் எடுக்கிறார், யார் கொடுக்கிறார், ஆட்டம் எப்படி முடிகிறது என்பதைக் குறித்தார்கள்.

நாயகன் வேடம் எப்போதும் அதே நான்கைந்து பையன்களுக்கு. வீட்டில் புதிய கைபேசி இருப்பவன், நன்றாக ஓடுபவன், பெரிய அண்ணன் உள்ளவன். வில்லன் வேடம் கேட்டு வாங்கப்படுவதில்லை, சுமத்தப்படுகிறது. வகுப்பிலேயே நிறம் கூடிய பையனுக்கும் திக்கிப் பேசும் பையனுக்கும் அது நாள்தோறும் போனது. பெண்பிள்ளைகள் கடத்தப்படுபவர்கள், இல்லையென்றால் மூழ்குபவர்கள். மீதிப் பேர் அனைவரும் ‘ஜனங்கள்’. ஜனங்களுக்கு ஆட்டத்தில் இரண்டே வேலை: கத்துவது, கைதட்டுவது.

இந்த ‘ஜனங்கள்’ கூட்டம்தான் கவலைக்குரியது. பிப்ரவரி மதியம் நின்று பார்த்தவர்கள் மனம் இறுகிய பிள்ளைகள் அல்ல. ஆபத்து வந்தால் ஜனங்கள் நிற்க வேண்டும், நாயகன் வருவான் என்ற ஆட்டத்தை நாள்தோறும் ஆடிப் பழகியவர்கள். அன்று நாயகனே கீழே கிடந்தான்.

பெரியவர்களும் கூட்டத்தில் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். 1968இல் அமெரிக்காவில் டார்லி, லாட்டனே என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனையில், அடுத்த அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதாகக் குரல் கேட்டபோது, கேட்டது தான் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அவருடைய பேச்சு அடங்குவதற்குள் உதவி தேடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் அது 31 விழுக்காடு. சூப்பர் ஹீரோ கதை இந்தத் தயக்கத்தை உண்டாக்கவில்லை. தயங்கி நிற்பதற்கு நல்லதொரு காரணத்தைக் கொடுத்துவிடுகிறது.

விழுந்த பையனின் ஆட்டத்தில் இன்னொன்றும் தெரிந்தது. மாவுக்கட்டோடு பள்ளிக்கு வந்தவன் ஓட முடியாததால் மற்றவர்களுக்குக் கதை சொல்லிக்கொடுத்தான். அவன் சொன்ன கதைகளில் வில்லனே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு வள்ளம் கவிழும், ஒருவன் பறந்து போவான், எல்லாரும் கரைக்கு வருவார்கள். அவனுடைய அப்பா அப்போது கடலில் இருந்தார்.

முடிவுகளும் காரணங்களும்

பெற்றோர் கூட்டத்தில் முதலில் வந்த கோரிக்கை, சூப்பர் ஹீரோ விளையாட்டையே தடை செய்ய வேண்டும் என்பது. பள்ளி அதை ஏற்கவில்லை. தடை போட்டால் ஆட்டம் பள்ளியின் பின்புறத்திலிருந்து கடற்கரைப் பாறைக்குப் போகும்; அங்கே பார்க்க ஆள் இருக்காது. தவிர, இந்த ஆட்டத்தில் நல்லதும் உண்டு. 2017இல் வந்த ஓர் ஆய்வில், தன்னை பேட்மேனாக எண்ணிக்கொண்ட 4 வயது, 6 வயதுப் பிள்ளைகள் சலிப்பூட்டும் வேலையில் மற்றவர்களைவிட அதிக நேரம் நிலைத்து நின்றார்கள்.

ஆனால் நாயகனைப் பார்த்துத் தானாகவே பிள்ளை நல்லவனாகும் என்று விட்டுவிடவும் முடியாது. அதே 2017இல் வந்த மற்றோர் ஆய்வு, பள்ளி செல்லும் முன்பருவத்தில் சூப்பர் ஹீரோக்களில் அதிகம் ஊறிய பிள்ளைகளிடம் ஓராண்டு கழித்து முரட்டுத்தனம் கூடியிருந்ததையும், அடிபடுபவருக்காகப் பரிந்து நிற்கும் குணம் கூடாததையும் காட்டியது. குத்துவதைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்; காப்பதை யாராவது சொல்லித்தர வேண்டியிருக்கிறது. பள்ளியின் முடிவு இதன்மேல் நின்றது: ஆட்டம் இருக்கட்டும், அதில் ஜனங்களுக்கு வேலை கொடுப்போம்.

மே மாதம் இன்னொரு காரணம் சேர்ந்தது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. எங்கோ தூரப் பெருங்கடலில் எழுந்த அலை, இங்கே காற்றே இல்லாதபோது வந்து அறைவதுதான் கள்ளக்கடல்; கரையில் நிற்பவருக்குக் கடல் அமைதியாகவே தெரியும். விடுமுறை முழுக்க ஊரில் அதே பேச்சு. “நான் இருந்தா நீந்திப்போய்த் தூக்கியிருப்பேன்” என்று நாலாம் வகுப்புப் பையன்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூழ்குபவரைக் காக்கக் குதித்தவரும் சேர்ந்து மூழ்குவது நீர்நிலைகளில் மீண்டும் மீண்டும் நடக்கிறது. தண்ணீர் மீட்பும் பாடத்தில் சேர வேண்டும் என்று தலைமையாசிரியர் முடிவெடுத்தார்.

செய்தவை

இடத்தைச் சரிசெய்யும் வேலை ஒரே நாளில் முடிந்தது. தொட்டி மேடையைச் சுற்றிக் கம்பிவலை அடித்து, ஏறுவதற்கு உதவிய உடைந்த பெஞ்சை அப்புறப்படுத்தினார்கள். துவர்த்தைக் கழுத்தில் முடிச்சுப் போடக் கூடாது என்று விதி வந்தது; கதவுக் கொண்டியில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். சட்டையின் இரு தோளிலும் துணிக்கிளிப்பால் மாட்டலாம். இழுத்தால் கழன்றுவிடும். துவர்த்தை முழுவதும் பறித்திருந்தால் பிள்ளைகள் விதியை மீறியிருப்பார்கள். கிளிப்பை விரும்பி ஏற்றார்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் பெரிய வேலை தொடங்கியது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்பாக்கள் ஊரில் இருப்பார்கள். ஆறு பேர் பள்ளிக்கு வந்தார்கள். படகிலிருந்து ஆள் விழுந்தால் என்ன செய்வார்கள் என்று மைதானத்தில் காட்டச் சொன்னபோது, மணலில் கோடு போட்டுப் படகு வரைந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். விழுந்ததைப் பார்த்தவர் கத்த வேண்டும். பக்கத்தில் இருப்பவர் மிதவையை எறிய வேண்டும். ஒருவர் விழுந்தவரை நோக்கிக் கையை நீட்டியபடியே நிற்க வேண்டும். சுக்கான் பிடிப்பவர் அந்தக் கையைப் பார்த்துப் படகைத் திருப்புவார். இன்னொருவர் ஜிபிஎஸ் கருவியில் இடத்தைக் குறிப்பார்.

“கை நீட்டுறவன் வேற எந்த வேலையும் செய்யக்கூடாது மக்களே. கண்ண எடுத்தா போச்சு. அலைக்குள்ள தலை தெரியாது” என்றார் அவர்களில் மூத்தவர்.

சும்மா நின்று கை நீட்டுவதும் உயிர் காக்கும் வேலை என்பது பிள்ளைகளுக்குப் பெரிய வியப்பு. விழுந்த பையன் தன் அப்பாவிடம் எல்லார் முன்னாலும் கேட்டான்: “நீங்க விழுந்தா யாரு கை நீட்டுவா?” அப்பா தன் படகில் வரும் ஒருவரின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அவன் இரண்டு தடவை திருப்பிச் சொல்லிக்கொண்டான்.

இதிலிருந்து ஆட்டத்துக்கு நான்கு வேடங்கள் பிறந்தன. கத்துபவர், ஓடுபவர், கூட இருப்பவர், வழிவிடச் செய்பவர். ஓடுபவர் பெரியவரைக் கண்டு மூன்று செய்தி சொல்ல வேண்டும்: எங்கே, யாருக்கு, என்ன. கூட இருப்பவர் அடிபட்டவரைத் தூக்கவோ நிமிர்த்தவோ கூடாது. பெயர் சொல்லிப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். 108க்கு அழைத்தால் ஊர், கோயில் முக்கு, பள்ளியின் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லிவிட்டு, அவர்கள் வைக்கும்வரை அழைப்பைத் துண்டிக்கக் கூடாது. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்று சுவரில் எழுதினார்கள்.

தண்ணீர் மீட்புக்குச் செலவில்லாத கருவி ஒன்று செய்தார்கள். 5 லிட்டர் கன்னாசில் (பிளாஸ்டிக் கேனில்) அரை லிட்டர் தண்ணீர் விட்டு மூடியை இறுக்கினால், காற்றில் அலையாமல் பறக்கும், தண்ணீரில் மிதக்கும். கைப்பிடியில் 10 மீட்டர் கயிறு. கயிற்றின் மறுமுனையில் முடிச்சுப் போட்டுக் காலால் மிதித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கயிறும் சேர்ந்து போய்விடும். ஆளைக் குறிபார்த்து எறியக் கூடாது. அவர் தலைக்கு மேலாக அப்பால் எறிந்து, கயிறு அவர் தோளில் விழும்படி இழுக்க வேண்டும். இழுக்கும்போது உட்கார வேண்டும், நின்றால் அவரே நம்மை உள்ளே இழுத்துவிடுவார். பயிற்சி முழுவதும் மைதானத்தில், கடற்கரைக்குக் கூட்டிப்போகவில்லை. எந்தப் பிள்ளையும் எதற்காகவும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது மாறாத விதி.

வகுப்பில் படம் காட்டிப் பேசவும் ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிப்போய் ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். பெண்கள் படகில் ஏற, தண்ணீரில் மண்டியிட்டுத் தன் முதுகையே படியாகக் கொடுத்தார் ஒரு மீனவர். அந்தப் படத்தைக் காட்டி “இவருக்கு என்ன சக்தி?” என்று கேட்டதற்கு வெகுநேரம் பதில் வரவில்லை. பிறகு ஒரு பெண்பிள்ளை, “குனியுற சக்தி டீச்சர்” என்றாள்.

பின்னர் நடந்தவை

ஆகஸ்டில் நாலாம் வகுப்புப் பையன் படியில் விழுந்து உதடு கிழிந்தது. இம்முறை யாரும் நின்று பார்க்கவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆசிரியர் அறைக்கு ஓடினார்கள். அடிபட்டவனோடு யாருமே இல்லை. ஓடுவதுதான் நாயகன் வேடம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டதே காரணம். அதன்பின் ஒரு விதி சேர்ந்தது: முதலில் பார்த்தவர் விரலால் சுட்டிப் பெயர் சொல்லி ஏவ வேண்டும். “நீ ஓடு, நீ இரு.” பெயர் சொல்லி ஏவப்பட்டவருக்கு ‘வேறு யாராவது செய்வார்’ என்ற சாக்கு கிடையாது.

ஐந்தாம் வகுப்பில் வலிப்பு நோய் உள்ள மாணவி ஒருத்தி உண்டு. அவள் அம்மாவின் சம்மதத்தோடு, செப்டம்பரில் அவள் வகுப்புக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: கையில் சாவியோ இரும்போ கொடுக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, கைகாலை அழுத்திப் பிடிக்கக் கூடாது, பக்கத்தில் உள்ளதை நகர்த்த வேண்டும், கடிகாரம் பார்க்க வேண்டும், துடிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், 5 நிமிடம் தாண்டினால் 108. அக்டோபரில் வகுப்பில் அவளுக்கு வலிப்பு வந்தது. திக்கிப் பேசும் அந்தப் பையனே முதலில் பார்த்தவன். பேச்சு வராமல், இரண்டு பேரைச் சுட்டிக்காட்டி, வாசலையும் கடிகாரத்தையும் காட்டினான். போதுமானதாக இருந்தது. ஆசிரியர் வந்தபோது பெஞ்சுகள் நகர்த்தப்பட்டிருந்தன. இரண்டு நிமிடம் என்று ஒரு பிள்ளை சொன்னது. அவளைச் சுற்றி வட்டம் இல்லை.

சரியாகாததும் உண்டு. வில்லனுக்குப் பதில் தீ, அலை, அறுந்த மின்கம்பி என்று ஆபத்துகளை வைத்து ஆடச் சொன்னது மூன்று வாரம் ஓடியது. பிறகு வில்லன் திரும்பி வந்தான், அதே நிறம் கூடிய பையனின் தலையில். ஆசிரியர் தலையிட்டால் அன்றைக்கு மாறுகிறது, மறுநாள் பழையபடி. நிறத்தைப் பற்றிய எண்ணம் வீட்டிலிருந்தும் திரையிலிருந்தும் வருகிறது. ஆட்ட விதி ஒன்றை மாற்றி அதை மாற்ற முடியவில்லை. நேரடியாக, பெற்றோரையும் சேர்த்து, பேசியாக வேண்டிய காரியம் அது.

செப்டம்பரில் ஏழாம் வகுப்புப் பையன்கள் அலையில் போன பந்தை எடுக்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் அதட்டி ஏற்றினார்கள். அந்த வகுப்புக்குப் பயிற்சி போகவே இல்லை.

அடுத்த கல்வியாண்டுக்கான மாற்றங்கள்

பயிற்சி ஆறு முதல் எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்கி, அவர்கள் வழியாகச் சிறியவர்களுக்கு இறங்கும். தண்ணீரில் இறங்கும் துணிச்சல் வரும் வயது அதுதான். தடைக்காலத்தின் முதல் பகுதியிலேயே அப்பாக்களை அழைக்க வேண்டும். ஜூலைக் கடைசியில் படகு வேலைக்கும் வலை வேலைக்கும் போய்விடுகிறார்கள். கைபேசித் துண்டுகளைப் பற்றி அம்மாக்களிடம் கேட்டுக்கொள்ளப்போவது, பறித்து வைப்பது அல்ல. வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு கதையை முழுமையாக, பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்து, ‘அங்க நின்ன மத்தவங்க என்ன செஞ்சிருக்கலாம்?’ என்ற ஒரு கேள்வி மட்டும் கேட்பது.

நான்கு வேடப் பயிற்சி மாதம் ஒருமுறை, முன்னறிவிப்பின்றி நடக்கும். சுட்டி ஏவுபவர் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும், நன்றாக ஓடுபவர்களுக்கே அது போகக் கூடாது. கன்னாசுகளைத் திறந்தவெளியில் தொங்கவிட்டதால் நைலான் கயிறு வெயிலில் இற்று, நவம்பரில் இழுத்தபோது ஒன்று அறுந்தது. இனி அவை தாழ்வாரத்தில் நிழலில், பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில், பூட்டில்லாமல் தொங்கும். மாத முதல் திங்கட்கிழமை எட்டாம் வகுப்பு மாணவர் இருவர் கயிற்றை முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்த்து, மூடியைத் திருகிச் சோதித்து, பதிவேட்டில் கையெழுத்திடுவார்கள்.